பத்துப் பேர், ஒரு படம், முந்நூறு ரூபாய்: வீட்டில் எந்தப் பானம் எடுபடும்?

வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து படம் பார்க்கப் போகிறீர்கள். படத்துக்குப் பொருத்தமாகக் குடிக்க ஏதாவது செய்து கொடுக்க ஆசை. தேடிப் பார்த்தால் நிறம் நிறமான கோப்பைகளின் புகைப்படங்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றைக் கணக்கில் எடுப்பதே இல்லை: படம் ஓடும்போது விளக்கு அணைந்திருக்கும். இருட்டில் நீலம், ஊதா, சிவப்பு எல்லாம் ஒன்றுதான். பாடுபட்டுச் செய்த நிறம் மாறும் பானத்தைப் படம் தொடங்கி அரை மணி கழித்து நீட்டினால், வாங்குகிறவர் அதைப் பார்க்காமலேயே குடித்து முடிப்பார்.

ஆகவே எந்தப் பானம் என்று முடிவு செய்வதற்கு முன், அதை எப்போது கையில் கொடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். விளக்கு எரியும் நேரம் இரண்டுதான்: படத்துக்கு முன், இடைவேளையில். இந்த நேரங்களில் நிறம் பேசும். படம் ஓடும்போது வாசனையும் சூடும் வாயில் படும் பதமும்தான் பேசும். இந்தக் கணக்கோடு கீழே உள்ளவற்றைப் பாருங்கள். அளவுகள் 200 மில்லி தம்ளர் பத்துக்கு. விலைகள் உத்தேசம், ஊருக்கும் பருவத்துக்கும் தக்கபடி மாறும்.

சங்குப்பூ எலுமிச்சை: மாயாஜாலப் படங்களுக்கு

செலவுக்கும் பலனுக்கும் பொருத்திப் பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. சங்குப்பூவின் நீலம் அந்தோசயனின் என்னும் தாவர நிறமி வகையைச் சேர்ந்தது. புளிப்பு ஏற ஏற நீலம் ஊதாவாகும், மிகவும் ஏறினால் இளஞ்சிவப்பை நெருங்கும். வேலியில் பூத்தால் செலவே இல்லை. காய்ந்த பூ வாங்கினாலும் பத்துப் பேருக்கு 4 முதல் 5 கிராம், அதாவது நாற்பது பூ போதும். எலுமிச்சை, சர்க்கரை எல்லாம் சேர்த்துத் தம்ளருக்கு ஆறேழு ரூபாய்.

600 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, ஒரு நிமிடம் கழித்துப் பூவைப் போட்டு மூடுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். அதற்கு மேல் ஊறினால் நிறம் பெரிதாகக் கூடாது, புல் வாசனைதான் கூடும். பச்சைப் பூவாக இருந்தால் காம்போடு ஒட்டிய பச்சைப் பகுதியைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். அந்த வாசனையில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. வெள்ளைச் சங்குப்பூ இந்த வேலைக்கு ஆகாது.

சாறு நல்ல நீலமாக வராமல் பச்சை கலந்த மங்கலாக வந்தால் பூவைக் குறை சொல்ல வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் காரத்தன்மை இருக்கும், கொதிக்க வைத்தால் அது இன்னும் கூடும். அந்தத் தண்ணீர் எலுமிச்சையின் புளிப்பையும் விழுங்கிவிடும் என்பதால் நிறம் மாற இரண்டு பங்கு சாறு பிடிக்கும். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. அடியில் சோடாவை ஊற்றி மேலே நீலச் சாறு விடுவதும் கூடாது. சோடாவே புளிப்புதான், எலுமிச்சை வருவதற்கு முன்பே ஊதாச் சாயல் ஏறிவிடும். எலுமிச்சைச் சுவையுள்ள பாட்டில் பானங்களில் சிட்ரிக் அமிலமும் உண்டு என்பதால், அவற்றை எலுமிச்சைச் சாறுக்குப் பதிலாக மேலே ஊற்றப் பயன்படுத்தலாம், அடியில் ஊற்றக் கூடாது.

பரிமாறும்போது தம்ளரில் 50 மில்லி நீலச் சாறு, 80 மில்லி குளிர்ந்த தண்ணீர், மூன்று நான்கு ஐஸ் கட்டி. தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் 15 மில்லி எலுமிச்சைச் சாறும் 25 மில்லி சர்க்கரைப் பாகும் கலந்து, விருந்தாளி கையாலேயே ஊற்றச் சொல்லுங்கள். சர்க்கரை எலுமிச்சைப் பக்கம் இருப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பாகு கலந்த சாறு கனமாக இருப்பதால் அடிக்குப் போகும். அடியில் ஊதா, மேலே நீலம், நடுவில் இரண்டும் இழையும். பாகை நீலத்தில் கலந்துவிட்டு வெறும் எலுமிச்சையை மேலே விட்டால் இது தலைகீழாகும். ஊதா மேலேயே தங்கி, கலக்கினால்தான் இறங்கும். இரண்டும் அழகுதான், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு முன்னது.

சித்திரை வைகாசியில் எலுமிச்சை விலை ஏறும்போது, பாதிச் சாறுக்குப் பதில் எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் விற்கும் சிட்ரிக் அமிலம் போடலாம். 15 மில்லி சாறுக்கு முக்கால் கிராம் ஈடு. முழுக்க அதையே போட்டால் நிறம் பளிச்சென்று இருக்கும், ஆனால் வாசனையே இருக்காது. பாதிக்குப் பாதி சரியான இடம்.

இதையே படம் ஓடும்போதும் உயிரோடு வைத்திருக்க ஒரு வழி இருக்கிறது, எங்கள் கணிப்பில் இந்தக் கட்டுரையிலேயே சிறந்த வழி அதுதான்: நீலச் சாற்றை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, அந்தக் கட்டிகளைச் சாதாரண எலுமிச்சை சர்பத்தில் போடுவது. கட்டி உருக உருக ஒவ்வொரு கட்டியைச் சுற்றியும் ஊதா இழை இழையாக இறங்கும். பத்துப் பேருக்கு முப்பது கட்டி வேண்டும். விளக்கு எரியும்போது கையில் கொடுத்துவிட்டால் முதல் இருபது நிமிடத்துக்கு மாற்றம் நடந்துகொண்டே இருக்கும். டிவி வெளிச்சத்தில் தம்ளரைத் தூக்கிப் பிடித்தாலும் தெரியும். ஐஸில் சர்க்கரை சேர்க்காதீர்கள். கட்டி இறுகாமல் நொறுங்கும். வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு பதினான்கு கட்டிதான் என்பதால் முந்தின நாளே இரண்டு மூன்று முறை உறைய வைத்துப் பையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நீலப் பால்: விண்வெளிப் படங்களுக்கு

1977-ல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் சாப்பாட்டு மேசையில் வரும் நீலப் பாலுக்கு இன்றுவரை ரசிகர்கள் உண்டு. அந்தப் படத்தைப் பார்க்கும் கூட்டத்துக்கு விளக்கம் சொல்லாமலே புரியும் பானம் இது. மற்றவர்களுக்கு வெறும் நீலப் பால்.

இரண்டு லிட்டர் பாலுக்கு ஐம்பது காய்ந்த சங்குப்பூ. பாலைப் பொங்க விடாமல் ஓரத்தில் குமிழி வரும் வரை சூடாக்கி இறக்கி, பூவைப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வடித்து, 150 கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் வெனிலா சேர்த்து நன்றாகக் குளிர வையுங்கள். பால் கிட்டத்தட்ட நடுநிலையானது என்பதால் நீலம் மாறாது. தப்பு நடப்பது பால் தேர்வில்தான். பசும்பாலில் இயல்பாக மஞ்சள் சாயல் உண்டு. நீலத்தோடு சேர்ந்தால் பச்சை கலந்த சாம்பல் நிறம் வரும். எருமைப் பாலில் அந்த மஞ்சள் கிடையாது, அதனால் நீலம் தெளிவாக இருக்கும். பாக்கெட் பாலில் கொழுப்பு குறைந்தது எடுத்தால் நிறம் எடுப்பாக இருக்கும், முழுக் கொழுப்பில் வெளிறிய நீலம் வரும். பாதாம் மிக்ஸ், குங்குமப்பூ எதைச் சேர்த்தாலும் பச்சைதான், ஏலக்காய் சேர்க்கலாம். இன்னொன்று, இந்தப் பால் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் எலுமிச்சைக் கிண்ணத்தை வைக்காதீர்கள். நிறம் மாறுகிறதா பார்க்கலாம் என்று யாராவது ஒரு பிள்ளை ஊற்றும், பால் திரிந்துபோகும்.

செலவு தம்ளருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ரூபாய். அதாவது சங்குப்பூ எலுமிச்சையைப் போல இரண்டு மடங்கு. வெயில் காலத்தில் ஃபிரிட்ஜுக்கு வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் முடியாது. அந்தப் படத்தைப் பார்க்காத நாளில் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை.

கருப்பட்டிப் பால்: இருட்டில் ஜெயிப்பது இது

ஹாரி பாட்டர் கதைகளில் வரும் பட்டர்பியருக்கு ஈடாக வெளியூர்க் குறிப்புகள் எல்லாம் பட்டர்ஸ்காட்ச் சிரப்பும் விப்பிங் கிரீமும் கேட்கும். இரண்டையும் வாங்கினாலே பட்ஜெட் முடிந்தது. அதிலும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிரஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான் இருக்கும். எவ்வளவு நேரம் அடித்தாலும் அது நிற்கிற நுரையாகாது. முப்பதுக்கு மேல் இருந்தால்தான் ஆகும். கை வலிக்க அடித்துவிட்டுக் கிரீமைத் திட்டுகிறவர்கள் பலர்.

அந்தப் பழுப்பு நிறம், கருகலை நெருங்கும் இனிப்பு, வெண்ணெய் வாசனை மூன்றையும் நம் கருப்பட்டியிலேயே கொண்டுவரலாம். 250 கிராம் கருப்பட்டியைத் தட்டி 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மண்ணும் சுண்ணாம்புத் துகளும் இருக்கும், அதனால் வடிகட்டுவதை விடவே கூடாது. மறுபடி அடுப்பில் வைத்து, விரலில் தொட்டால் பிசுபிசுக்கிற பதம் வந்ததும் 20 கிராம் வெண்ணெய், இரண்டு சிட்டிகை உப்பு, கால் டீஸ்பூன் சுக்குப் பொடி சேர்த்து இறக்குங்கள். உப்பு மறந்தால் வெறும் கருப்பட்டிக் காப்பி மாதிரி இருக்கும். அந்த இரண்டு சிட்டிகைதான் சுவையைப் பட்டர்பியர் பக்கம் திருப்புகிறது.

தம்ளருக்கு அடியில் 30 மில்லி பாகு, மேலே 130 மில்லி சூடான பால், அதற்கு மேல் நுரை. நுரைக்குக் கருவி எதுவும் வேண்டாம், டபராவும் தம்ளரும் போதும். ஆனால் பாகையும் பாலையும் சேர்த்து ஆற்றாதீர்கள். பாகில் வெண்ணெய் இருக்கிறது. கொழுப்பு மிதந்தால் நுரை குமிழி குமிழியாக உடையும். பாலைத் தனியாக, கை பொறுக்கும் சூட்டை விடச் சற்று அதிகமாக இருக்கும்போது, கை எட்டும் உயரத்திலிருந்து ஏழெட்டு முறை ஆற்றி, பாகின் மேல் ஓரமாக ஊற்றுங்கள். கொழுப்பு குறைந்த பாலில் நுரை உயரமாக எழும். கொதிக்கும் பாலில் கருப்பட்டிப் பாகை ஊற்றினால் திரிந்துபோகும் வாய்ப்பு உண்டு என்பதும் பாலை இறக்கி ஆற்றுவதற்கு இன்னொரு காரணம்.

குளிர்ச்சியாக வேண்டுமென்றால் வெண்ணெயை விட்டுவிட்டுப் பாகு செய்து சோடாவோடு கலக்கலாம். வெண்ணெய் போட்ட பாகைக் குளிர்ந்த சோடாவில் விட்டால் வெண்ணெய் மணிமணியாக உறைந்து மிதக்கும், வாயில் வைக்க முடியாது. சோடாவை ஊற்றும்போது தம்ளரைச் சாய்த்து மெதுவாக, மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டு ஊற்றுங்கள். கருப்பட்டிப் பாகு பட்டதும் சோடா சரசரவென்று நுரைத்துப் பொங்கும், மேசை முழுக்க வழியும். அளவோடு செய்தால் அந்த நுரைதான் இந்தப் பானத்தின் அழகு.

நல்ல கருப்பட்டி விலை கூடியது. பாலையும் சேர்த்தால் தம்ளருக்குப் பதினாறு, பதினேழு ரூபாய் ஆகிவிடும். ஆனாலும் இருட்டில் கையில் பிடித்திருக்கும்போது சூடும் சுக்கு வாசனையும் கதைக்குள் இழுத்துக்கொண்டு போகும். மழைநாளில் ஓடும் மர்மப் படத்துக்கும் இது பொருந்தும். பாகை மூன்று நாள் முன்பே செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்பது இதன் பெரிய பலம். இடைவேளையில் பத்து நிமிட வேலைதான்.

பீட்ரூட்டும் நுங்கும்: பேய்ப் படங்களுக்கு

சிவப்புக்கு எசன்ஸ் வாங்கத் தேவையில்லை. 250 கிராம் பீட்ரூட்டைத் தோலைத் தடிமனாகச் சீவிவிட்டு, சின்னத் துண்டு இஞ்சி, 300 மில்லி தண்ணீரோடு பச்சையாகவே அரைத்து வடிகட்டி, அதோடு 1.2 லிட்டர் தண்ணீர், 180 கிராம் சர்க்கரை, ஐந்து எலுமிச்சைச் சாறு சேர்த்தால் ரத்தச் சிவப்பு. பீட்ரூட்டின் மண்வாசனை தோலை ஒட்டித்தான் அதிகம், அதனால்தான் தடிமனாகச் சீவச் சொல்வது. மிச்சத்தை இஞ்சியும் எலுமிச்சையும் அடக்கிவிடும். கொதிக்க வைத்தால் சிவப்பு பழுப்பாகத் திரும்பும். சங்குப்பூவைப் போல இது எலுமிச்சைக்கு நிறம் மாறாது.

சப்ஜா விதை இரண்டு டேபிள்ஸ்பூனைத் தனியாக வெறும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊற வைத்துக் கடைசியில் சேருங்கள். நேராகச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும், நடுவில் உள்ளது ஊறாது. ஊறிய சப்ஜா தவளை முட்டை மாதிரியே இருக்கும். இருட்டில் நாக்கில் வழுக்கும்போது பேய்ப் படத்துக்கு அதுவே போதும். நுங்குக் காலமாக இருந்தால் இன்னும் விசேஷம். இளநுங்கைத் தோலுரித்து, மேலே சின்னதாகக் கீறி, பாதியாக வெட்டிய கறுப்புத் திராட்சையைச் செருகினால் உங்களையே பார்க்கும் கண் தயார். அதைச் சிவப்புப் பானத்தில் மிதக்க விட்டால் பெரியவர்களே ஒரு கணம் தயங்குவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் திராட்சையும் முழு நுங்கும் வேண்டாம், தொண்டையில் சிக்கும், சப்ஜாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நுங்கு இல்லாமல் தம்ளருக்கு ஆறேழு ரூபாய். மறுநாள் காலையில் சிலருக்குச் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகலாம், அது பீட்ரூட்டின் நிறம்தான் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வெளிர் நிற சோபா இருக்கும் வீட்டில் இதைக் கூடத்துக்குள் விடாமல் சாப்பாட்டு மேசையிலேயே கொடுத்து முடியுங்கள்.

அடுக்குப் பானம், ஒளிரும் பானம், புகை

புகைப்படங்களில் அதிகம் கண்ணில் படுவது அடுக்கடுக்கான மூவண்ணப் பானம். செய்வது கடினம் இல்லை: சர்க்கரை அதிகமுள்ளது அடியில், குறைந்தது மேலே. பாட்டிலின் பின்பக்கம் 100 மில்லிக்கு எவ்வளவு சர்க்கரை என்று போட்டிருப்பதைப் பார்த்து வரிசைப்படுத்தினால் தப்பாது. அடியில் 30 மில்லி ரோஸ் சிரப், விளிம்பு வரை ஐஸ், கரண்டியின் முதுகில் வழியவிட்டு 100 மில்லி ஆரஞ்சுச் சாறு, மேலே சர்க்கரை இல்லாத சங்குப்பூச் சாறு 50 மில்லி. ஆனால் ஒரு தம்ளருக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். பத்தாவது தம்ளரை முடிக்கும்போது முதலாவதில் ஐஸ் உருகி மேலே வெளிறிய நீர்ப்படலம் நின்றுவிடும். கலக்காமல் ஸ்ட்ராவில் உறிஞ்சினால் முதல் வாயிலேயே சிரப் முழுக்க வந்து திகட்டும். செலவும் இருபது ரூபாயைத் தொடும். நாலு பேருக்குச் செய்யலாம், பத்துப் பேருக்கு வேண்டாம்.

இருட்டிலும் நிறம் தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு டானிக் வாட்டர் என்ற கசப்புச் சோடா இருக்கிறது. அதிலுள்ள குவினைன் புற ஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். 365 நானோமீட்டர் என்று போட்ட டார்ச் ஒன்று வேண்டும். நம் வழக்கப்படி அதில் உப்புப் போட்டு எலுமிச்சை சோடா ஆக்கிவிட்டால் ஒளி மங்கிவிடும், உப்பிலுள்ள குளோரைடு அதை அணைக்கும்; சர்க்கரையும் எலுமிச்சையும் ஒன்றும் செய்யாது. கசக்கும், ஆளுக்கு முப்பது ரூபாய் ஆகும், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது, பிள்ளைகளுக்குப் பிடிக்காது. பெரியவர்கள் நாலைந்து பேர் கூடும் விண்வெளிப் படத்துக்கு மட்டும் யோசிக்கலாம்.

புகை கக்கும் பானம் வேண்டவே வேண்டாம். புகைக்காகப் போடும் உலர் பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) மைனஸ் 78 டிகிரி, திரவ நைட்ரஜன் மைனஸ் 196. ஒரு சின்னத் துண்டு வயிற்றுக்குள் போனாலும் திசுவை எரித்துத் துளையிடும். திரவ நைட்ரஜனில் தோய்த்து விற்ற புகை பிஸ்கட்டுகளுக்கு எதிராக 2024-ல் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்ததும் இதனால்தான். மினுமினுப்புத் தூளிலும் கவனம் வேண்டும். பொட்டலத்தில் 'நச்சில்லாதது' என்று மட்டும் போட்டிருந்தால் அது கைவினைப் பொருள். உண்ணத் தக்கது என்று தெளிவாகவும் உணவு உரிம எண்ணோடும் இருந்தால் மட்டுமே தம்ளரில் போடலாம்.

எதை எடுப்பது

முந்நூறு ரூபாய்க்குள் பத்துப் பேர் என்றால், ஒரே பானத்தைப் பெரிதாகச் செய்வதை விட இரண்டு நேரத்துக்கு இரண்டு செய்வதுதான் எங்கள் தேர்வு. படம் தொடங்கும் முன் நீல ஐஸ் போட்ட எலுமிச்சை சர்பத், சுமார் எழுபது ரூபாய். இடைவேளையில் சூடான கருப்பட்டிப் பால், சுமார் நூற்று எழுபது. மிச்சப் பணம் பொரிக்கும் சோளத்துக்கு. பேய்ப் படமாக இருந்தால் முதலாவதை பீட்ரூட்டாக மாற்றுங்கள், இரண்டாவதை மாற்ற வேண்டாம். கோடை மதியமாக இருந்தால் கருப்பட்டியைச் சோடாவாக்குங்கள். கூட்டத்தில் சர்க்கரை நோயாளி இருந்தால் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை மறக்காமல், அவருக்கு இனிப்பில்லாத எலுமிச்சைத் தண்ணீரில் அதே நீல ஐஸைப் போட்டுக் கொடுங்கள். நிறம் அவருக்கும் மாறும்.

ஓடிடியில் இடைவேளை வராது. 75-வது நிமிடத்தை ஒட்டி ஒரு காட்சி முடியும் இடத்தில் நிறுத்துவது என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். பாலை 65-வது நிமிடத்தில் சிறு தீயில் ஏற்றினால் நிறுத்தும்போது ஆற்றும் பதத்தில் இருக்கும். பாகைத் தம்ளர்களின் அடியில் முன்பே ஊற்றித் தட்டில் அடுக்கி வைத்திருந்தால் சமையலறையில் ஒருவர் போதும். எவர்சில்வர் தம்ளர் நீல ஐஸ் சர்பத்துக்கு ஆகாது, கண்ணாடி வேண்டும். பத்துக் கண்ணாடித் தம்ளர் இல்லாத வீட்டில் அதற்கென்று வாங்காமல் ஊறுகாய், ஜாம் பாட்டில்களைக் கழுவி வெயிலில் காய வைத்து எடுத்துக்கொள்ளலாம். கருப்பட்டிப் பாலுக்கு எவர்சில்வரே நல்லது, சூடு கையில் தெரியும், இருட்டில் தட்டிவிட்டாலும் உடையாது.